ஷேர்பாயிண்டில் இருக்கும் எல்லா சைட்டையும் ஸ்கிரிப்ட் போட்டுப் பட்டியலெடுப்பது எப்படி

கம்பெனியில் மொத்தம் எத்தனை ஷேர்பாயிண்ட் சைட் (மைக்ரோசாஃப்டில் கோப்புகளைச் சேர்த்துவைத்துப் பகிரும் தளம்) இருக்கிறது, ஒவ்வொன்றும் யார் பொறுப்பில் இருக்கிறது, எதெல்லாம் வெளியாட்களுக்குத் திறந்து கிடக்கிறது? இந்த மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்கிற ஐடி ஆட்கள் பினாங்கிலும் சரி, கோலாலம்பூரிலும் சரி, நான் பார்த்தவரை குறைவு. அவர்களைக் குறை சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. கோவிடுக்காக 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் டிபார்ட்மென்டுக்கு ஒன்று, புராஜெக்டுக்கு ஒன்று, சில இடங்களில் மீட்டிங்குக்கு ஒன்று என்று டீம்ஸ் குழுக்களைத் திறந்து தள்ளினார்கள். ஒவ்வொரு டீம்ஸ் குழுவுக்கும் பின்னால் ஒரு ஷேர்பாயிண்ட் சைட் தானாகவே உருவாகிவிடும் என்பது திறந்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. குழு ஓய்ந்துவிட்டது, ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார், சைட் மட்டும் இன்னும் இருக்கிறது, உள்ளே இருக்கும் ஐசி (அடையாள அட்டை) நகல்களோடும் சம்பளச் சீட்டுகளோடும்.

இப்போது இதை அப்படியே விட்டுவைக்க முடியாது. மலேசியாவின் 2010-ம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2024-ல் கொண்டுவந்த திருத்தப்படி, 2025 ஜூன் 1 முதல் தரவுக் கசிவு நடந்தால் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை நிறுவனத்துக்கு இருக்கிறது, அதற்குக் கிடைக்கும் நேரம் 72 மணி. எங்கே என்ன இருக்கிறது என்ற பட்டியலே கையில் இல்லாமல் அந்த 72 மணி நேரத்தில் எதைத் தேடுவது? ஆகவே முதல் வேலை பட்டியல். அதிலும் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: முதல் கட்டளைக்கு வந்து விழுகிற பட்டியல் ஒருபோதும் முழுப் பட்டியல் கிடையாது. எது விடுபடுகிறது என்று தெரிந்து எடுத்தால்தான் அதை நம்பி மேலிடத்தில் கொடுக்கலாம்.

எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, அட்மின் சென்டர்லயே எக்ஸ்போர்ட் பட்டன் இருக்கே, அப்புறம் எதுக்கு ஸ்கிரிப்ட்?" நியாயமான கேள்வி. ஷேர்பாயிண்ட் அட்மின் சென்டரில் ஆக்டிவ் சைட்ஸ் பக்கத்துக்குப் போனால் சிஎஸ்வி கோப்பாக (எக்செலில் திறக்கும் அட்டவணை) இறக்கிக்கொள்ளலாம், ஒரே ஒரு தடவை மேலோட்டமாகப் பார்க்க அது போதும். ஆனால் அதில் ஒன்டிரைவ் (ஊழியரின் சொந்தக் கோப்பு இடம்) வராது, உட்சைட்டுகள் (சைட்டுக்குள் இருக்கும் சைட்) வராது, உங்களுக்கு வேண்டிய நெடுவரிசை எல்லாம் இருக்காது, மாதாமாதம் யாராவது போய் அமுக்க வேண்டும். ஸ்கிரிப்ட் என்றால் இன்றைக்கு எடுத்ததையே அடுத்த மாதமும் அதே வடிவத்தில் எடுத்து இரண்டையும் ஒப்பிடலாம். எனக்கு அந்த ஒப்பீடுதான் முக்கியம்.

தொடங்குமுன் வேண்டியவை

உங்கள் கணக்குக்கு ஷேர்பாயிண்ட் அட்மினிஸ்ட்ரேட்டர் ரோல் இருக்க வேண்டும். குளோபல் அட்மின் இருந்தாலும் நடக்கும், ஆனால் இந்த வேலைக்கு அது தேவைக்கு மீறிய அதிகாரம், கேட்டு வாங்காதீர்கள். விண்டோஸ் லேப்டாப், அதில் ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ் பவர்ஷெல் 5.1 (கட்டளை அடித்து வேலை வாங்கும் விண்டோ) போதும். பவர்ஷெல் 7 வைத்திருப்பவர்கள், கீழே நிறுவப்போகும் ஷேர்பாயிண்ட் மாட்யூலை (கூடுதல் கட்டளைத் தொகுப்பு) ஏற்றும்போது இம்போர்ட்-மாட்யூல் கட்டளையோடு -யூஸ்விண்டோஸ்பவர்ஷெல் என்று சேர்க்க வேண்டியிருக்கும். மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்த மாட்யூல் ஓடாது, பின்னால் வரும் பிஎன்பி வழியைப் பாருங்கள்.

கட்டளைகளை உச்சரிப்பிலேயே எழுதிக்கொண்டு போகிறேன், பவர்ஷெல் விண்டோவில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். பெரிய எழுத்து சின்ன எழுத்து அதற்கு ஒன்றுதான். பாதி அடித்துவிட்டு டேப் சாவியைத் தட்டினால் மீதியை அதுவே நிரப்பும், ஸ்பெல்லிங் கவலையும் வேண்டாம்.

மாட்யூலை நிறுவ:

இன்ஸ்டால்-மாட்யூல் -நேம் மைக்ரோசாஃப்ட்.ஆன்லைன்.ஷேர்பாயிண்ட்.பவர்ஷெல் -ஸ்கோப் கரண்ட்யூசர்

கடைசியில் இருக்கும் ஸ்கோப் பகுதியை விட்டுவிடாதீர்கள். கம்பெனி லேப்டாப்பில் லோக்கல் அட்மின் உரிமை இல்லாதவர்களுக்கு அது இல்லாவிட்டால் அங்கேயே தடுத்துவிடும். நியூகெட் வேண்டுமா, இந்தக் களஞ்சியத்தை நம்பலாமா என்று கேட்டால் ஒய் அடித்து என்டர். ஏற்கெனவே பழைய பதிப்பு இருந்தால் அப்டேட்-மாட்யூல் போட்டுப் புதுப்பித்துக்கொள்ளுங்கள், பழைய பதிப்பில் சில நெடுவரிசைகளே இருக்காது.

அடுத்தது இணைப்பு. கனெக்ட்-எஸ்பிஓசர்வீஸ் என்று அடித்து, -யூஆர்எல் என்பதற்குப் பக்கத்தில் உங்கள் அட்மின் முகவரியைக் கொடுக்க வேண்டும். நிறையப் பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்: தினமும் திறக்கும் ஷேர்பாயிண்ட் முகவரியைக் கொடுத்தால் ஏற்காது, டெனன்ட் (மைக்ரோசாஃப்டில் உங்கள் கம்பெனிக்கான இடம்) பெயருக்குப் பின்னால் ஒரு கோடும் அட்மின் என்ற சொல்லும் ஒட்டியிருக்கும் முகவரிதான் வேண்டும். அட்மின் சென்டரைப் பிரவுசரில் திறந்து, மேலே தெரியும் முகவரியின் முதல் பாதியைக் காப்பி அடித்துக்கொள்வது பாதுகாப்பான வழி. -கிரெடென்ஷியல் என்று சேர்த்துப் பாஸ்வேர்டு கொடுக்கும் பழைய வழிகாட்டிகளைப் பின்பற்றாதீர்கள். போனில் உறுதிப்படுத்தும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு உங்கள் கணக்கில் இருந்தால், இருக்கத்தான் வேண்டும், அந்த வழி தோற்றுப்போகும். யூஆர்எல் மட்டும் கொடுங்கள், லாகின் விண்டோ தானாக எழும்.

முதல் பட்டியலும் 200 என்ற எண்ணும்

இணைந்த பிறகு வெறுமனே கெட்-எஸ்பிஓசைட் என்று அடித்தால் பட்டியல் ஓடும். பார்க்கத் திருப்தியாக இருக்கும், அங்கே நின்றுவிடாதீர்கள். அந்தக் கட்டளை தானாகத் தருவது அதிகபட்சம் 200 சைட். உங்களிடம் 640 இருந்தாலும் 200-ஓடு முடித்துக்கொள்ளும். எண்ணிப் பார்த்துக் கச்சிதமாக 200 வந்தால் அது உங்கள் கம்பெனியின் எண்ணிக்கையாக இருக்க வாய்ப்பே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். எப்போதும் இப்படி அடியுங்கள்:

$சைட்ஸ் = கெட்-எஸ்பிஓசைட் -லிமிட் ஆல்

வந்ததை ஒரு மாறியில் பிடித்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு கேள்விக்கும் திரும்பத் திரும்ப சர்வரைத் தட்ட வேண்டாம். $சைட்ஸ்.கவுன்ட் என்று அடித்தால் எண்ணிக்கை வரும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு சிஎஸ்வி கோப்பின் வரிகளோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம்.

கோப்பாக மாற்ற:

$சைட்ஸ் | செலக்ட்-ஆப்ஜெக்ட் டைட்டில், யூஆர்எல், டெம்ப்ளேட், ஓனர், ஸ்டோரேஜ்யூசேஜ்கரண்ட், லாஸ்ட்கன்டென்ட்மாடிஃபைட்டேட், ஷேரிங்கேபபிலிட்டி, லாக்ஸ்டேட் | எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி -பாத் சைட்பட்டியல்.சிஎஸ்வி -நோடைப்இன்ஃபர்மேஷன் -என்கோடிங் யூடிஎஃப்8

என்கோடிங் என்று கடைசியில் சேர்த்ததை நம் ஊரில் யாரும் விடக்கூடாது. விண்டோஸ் பவர்ஷெல் 5.1-ல் எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி தானாக எழுதுவது ஆஸ்கி, அதாவது ரோமன் எழுத்து மட்டும் தெரிந்த முறை. மலாய்ப் பெயர்கள் தப்பித்துவிடும், அவை ரோமன் எழுத்து. தமிழிலோ சீனத்திலோ தலைப்பு வைத்த சைட்டுகள் எல்லாம் வரிசையாகக் கேள்விக்குறிகளாகிவிடும். தீபாவளித் திறந்த இல்ல விருந்துக்காகத் தமிழில் பெயர் வைத்துத் திறந்த ஒரு சைட், பட்டியலில் இருபது கேள்விக்குறியாக வந்து நின்றது. கணக்குப் பிரிவில் ஒருவர் அதை உடைந்த வரி என்று நினைத்து எக்செலில் அழிக்கப் போனார். அழித்திருந்தால் அந்த சைட் பட்டியலிலிருந்தே மறைந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். 5.1-ல் யூடிஎஃப்8 என்று சொன்னாலே எக்செல் புரிந்துகொள்ளும் அடையாளத்தோடு கோப்பு எழுதப்படும். பவர்ஷெல் 7-ல் அந்த அடையாளம் இல்லாமல்தான் எழுதும், அங்கே யூடிஎஃப்8பிஓஎம் என்று கேளுங்கள், இல்லாவிட்டால் எக்செலில் டபுள் கிளிக் செய்து திறக்கும்போது எழுத்து சிதையும்.

ஸ்டோரேஜ் எண்கள் எம்பி கணக்கில் வரும், ஜிபி வேண்டுமானால் 1024-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக மாற்றிய தேதி யுடிசி (உலகப் பொது) நேரத்தில் வரும், நமக்கு எட்டு மணி நேரம் பின்தங்கியது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் காலை ஏழு மணி ஷிஃப்டில் மாற்றிய கோப்பு முந்தைய நாள் தேதியில் நிற்கும். வருடக் கணக்கில் பழைய சைட்டைத் தேடுவதற்கு இது பெரிய விஷயமில்லை, ஆனால் யார் எப்போது மாற்றினார் என்ற விசாரணைக்கு இந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு போனால் தகராறு வரும். டூலோக்கல்டைம் போட்டு மாற்றி, வருடம்-மாதம்-நாள் என்ற வரிசையில் எழுத்தாக ஏற்றுமதி செய்யுங்கள். அப்போதுதான் எக்செல் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றாமல் விடும். இன்னொன்று, அந்தத் தேதியை மனிதக் கை பட்ட தேதி என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். பின்னணியில் ஓடும் வேலைகளும் அதை முன்னே தள்ளிவிடும். தேதி பழையது என்றால் சைட் உறங்குகிறது என்று சொல்லலாம், தேதி புதியது என்பதை மட்டும் வைத்து யாரோ பயன்படுத்துகிறார்கள் என்று சொல்ல முடியாது.

டெம்ப்ளேட் வாரியாகப் பிரித்துப் பாருங்கள்

என்னைக் கேட்டால் மொத்த வேலையிலும் உருப்படியான ஒரே வரி இதுதான்:

$சைட்ஸ் | குரூப்-ஆப்ஜெக்ட் டெம்ப்ளேட் | செலக்ட்-ஆப்ஜெக்ட் கவுன்ட், நேம்

கூடையில் கொட்டிக் கிடப்பதை மீன் வேறு நண்டு வேறு என்று பிரித்த மாதிரி, எந்த வகை எத்தனை என்று சட்டென்று தெரிந்துவிடும். வரும் பெயர்கள் புதிதாகப் பார்ப்பவருக்குப் புரியாது, ஆகவே கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

குரூப்#0 என்பது மைக்ரோசாஃப்ட் 365 குழுவோடு கட்டிய சைட், டீம்ஸ் குழு திறந்தால் வருவது இதுதான், எங்கும் எண்ணிக்கையில் முதலிடம் பெரும்பாலும் இதற்கே. சைட்பேஜ்பப்ளிஷிங்#0 என்பது அறிவிப்புகள் போடும் கம்யூனிகேஷன் சைட். எஸ்டிஎஸ்#3 குழு இல்லாத புதுவகை டீம் சைட், எஸ்டிஎஸ்#0 பழைய கிளாசிக் வகை. இந்தப் பழைய வகையில்தான் உட்சைட்டுகள் நிறைய ஒளிந்திருக்கும், கூடவே வருடங்களாக யாரும் திறக்காத மனிதவளக் கோப்புகளும்.

டீம்சேனல் என்று தொடங்குபவற்றைத் தனியாகக் கவனியுங்கள். டீம்ஸில் பிரைவேட் சேனலோ ஷேர்டு சேனலோ திறந்தால் அதற்கென்று தனி ஷேர்பாயிண்ட் சைட் உருவாகிறது, தாய்க் குழுவின் சைட்டில் அந்தக் கோப்புகள் இருக்காது, உறுப்பினர் பட்டியலும் வேறு. தாய்க் குழுவின் சொந்தக்காரரே அந்த சேனலில் உறுப்பினராக இல்லாவிட்டால் உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது. ஆட்குறைப்பு, சம்பள உயர்வு, ஒழுங்கு விசாரணை போன்ற விஷயங்களுக்குத்தான் மக்கள் பிரைவேட் சேனல் திறக்கிறார்கள், ஆக இருப்பதிலேயே நுணுக்கமான கோப்புகள் எல்லாம் இந்தச் சின்னச் சின்ன சைட்டுகளில். எந்தக் குழுவுக்கு உரியது என்று தெரியாமல் திணறினால், அந்த சைட்டைத் தனியாகக் கேட்டு ரிலேட்டட்குரூப்ஐடி என்ற நெடுவரிசையைப் பாருங்கள், தாயின் அடையாளம் அங்கே இருக்கும்.

ரீடைரக்ட்சைட்#0 என்றால் அங்கே ஒன்றும் இல்லை, ஒரு சைட்டின் முகவரியை மாற்றியபோது பழைய முகவரியில் நிற்கும் வழிகாட்டிப் பலகை. எண்ணிக்கையிலிருந்து கழித்துவிடலாம், ஆனால் அழித்தால் பழைய லிங்க்குகள் செத்துவிடும். எஸ்பிஎஸ்எம்சைட்ஹோஸ்ட், ஆப்கேட்டலாக், தேடல் மையம் போன்றவை அமைப்புக்கே சொந்தம். பட்டியலில் இருக்கட்டும், கை வைக்க வேண்டாம்.

பட்டியலில் வராமல் போகிறவை

ஒன்டிரைவ் முதலாவது. ஒவ்வொரு ஊழியரின் ஒன்டிரைவும் உள்ளுக்குள் ஒரு ஷேர்பாயிண்ட் சைட்தான், ஆனால் நீங்கள் கேட்காவிட்டால் அது பட்டியலில் வராது. -இன்க்ளூட்பர்சனல்சைட் $ட்ரூ என்று சேர்த்தால் எல்லாம் வரும், ஒன்டிரைவ் மட்டும் வேண்டுமானால் அதோடு -ஃபில்டர் போட்டு யூஆர்எல்லில் பர்சனல் என்ற பகுதி உள்ளவற்றை மட்டும் கேட்கலாம். வேலையை விட்டுப் போனவர்களின் ஒன்டிரைவைத் தேடித்தான் பெரும்பாலும் இதை எடுப்போம். ஊழியர் கணக்கை அழித்தால் அவருடைய ஒன்டிரைவ் தானாக வைத்திருக்கப்படுவது 30 நாள், அதற்குமேல் வேண்டுமானால் அட்மின் சென்டரில் அந்த நாள்களைக் கூட்டிவைக்க வேண்டும். கணக்கை அழிக்காமல் லைசென்ஸை மட்டும் பிடுங்கி வைக்கும் பழக்கம் நம் ஆபீஸ்களில் உண்டு, காசு மிச்சம் என்று. 2025 ஜனவரி 27 முதல் அப்படி லைசென்ஸ் இல்லாமல் 93 நாள் தாண்டிய ஒன்டிரைவ்களை மைக்ரோசாஃப்ட் காப்பகத்துக்குத் தள்ளுகிறது, பிறகு திறக்கக் கட்டணம். ஆகவே முன்னாள் ஊழியர்களின் பட்டியலை மனிதவளப் பிரிவிடம் வாங்கி இதோடு ஒட்டிப் பாருங்கள்.

அழித்தவை இரண்டாவது. கெட்-எஸ்பிஓடெலிட்டட்சைட் என்று அடித்தால், அழித்து 93 நாள் ஆகாத சைட்டுகள் தெரியும். குழுவோடு கட்டிய சைட் என்றால் குழுவை மீட்க 30 நாள்தான் அவகாசம், குழுவோடு சேர்த்து முழுசாக வேண்டுமானால் அதற்குள் பார்க்க வேண்டும். தரவுக் கசிவு விசாரணையில் நேற்றுத்தான் யாரோ ஒரு சைட்டை அழித்திருக்கிறார் என்பது இந்த ஒரு கட்டளையில் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

மூன்றாவது உட்சைட். கெட்-எஸ்பிஓசைட் தருவது மேல்மட்ட சைட்டுகளை மட்டும், அதற்குள் கிளைவிட்ட உட்சைட்டுகளைக் காட்டாது. எல்லா சைட்டிலும் உள்ளே நுழைந்து தேட வேண்டியதில்லை, ஒரு குறுக்குவழி இருக்கிறது. ஒவ்வொரு சைட்டுக்கும் வெப்ஸ்கவுன்ட் என்று ஒரு எண் உண்டு. 1 என்றால் கிளை இல்லை, அதற்குமேல் என்றால் உட்சைட் இருக்கிறது. ஆனால் இந்த எண்ணை மொத்தப் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். மொத்தமாகக் கேட்கும்போது சில நெடுவரிசைகளை அது நிரப்பாமலே தந்துவிடும், தனித்தனியாகக் கேட்டால்தான் சரியான மதிப்பு வரும்:

$விவரம் = ஃபார்ஈச் ($எஸ் இன் $சைட்ஸ்) { கெட்-எஸ்பிஓசைட் -ஐடென்டிட்டி $எஸ்.யூஆர்எல் -டீட்டெயில்டு }

சில நூறு சைட் என்றால் இது ஓடி முடிக்க நேரம் பிடிக்கும். ஆபீஸ் நேரத்தில் வேண்டாம், மாலை ஐந்தரைக்கு மேல் ஓடவிட்டு வீட்டுக்குப் போங்கள், லேப்டாப் தூங்கிப்போகாத மாதிரி அமைத்துவிட்டு. வேகமாகத் தட்டிக்கொண்டே இருந்தால் சர்வர் 429 என்று பதில் சொல்லித் தடுத்துவிடும், ஆகவே உள்ளே ஸ்டார்ட்-ஸ்லீப் போட்டு ஒவ்வொரு சுற்றுக்கும் இடைவெளி விடுங்கள். பிழை வந்தால் பிடித்துக்கொள்ளும் ட்ரை, கேட்ச் இரண்டையும் போட்டு, விவரம் கிடைக்காத சைட்டின் முகவரியை வேறொரு கோப்பில் எழுதிவையுங்கள். சிவப்பு எழுத்து திரையில் ஓடி மறைந்துவிட்டால் எது விடுபட்டது என்று காலையில் வந்து பார்க்க வழியிருக்காது.

வெப்ஸ்கவுன்ட் 1-க்கு மேல் உள்ளவற்றை மட்டும் தனியே எடுத்து, அவற்றுக்கு பிஎன்பி பவர்ஷெல் போடலாம். இது சமூகமாகச் சேர்ந்து பராமரிக்கும் மாட்யூல், மேக்கிலும் ஓடும், பவர்ஷெல் 7 வேண்டும். 2024 செப்டம்பர் 9-க்கு முன்னால் எழுதிய வழிகாட்டிகளைப் பார்த்து இதில் இறங்கினால் லாகினிலேயே நிற்கும், ஏனென்றால் அதுவரை எல்லோரும் பொதுவாகப் பயன்படுத்திய ஆப் பதிவை அன்றைக்கு எடுத்துவிட்டார்கள். இப்போது உங்கள் டெனன்டிலேயே சொந்தமாக ஒரு ஆப் பதிவு செய்ய வேண்டும், ரெஜிஸ்டர்-பிஎன்பிஎன்ட்ராஐடிஆப்ஃபார்இன்டராக்டிவ்லாகின் என்ற நீளமான கட்டளை அதைச் செய்து தரும். கிடைக்கும் கிளையன்ட் ஐடியை வைத்து கனெக்ட்-பிஎன்பிஆன்லைன் -இன்டராக்டிவ் என்று அந்தந்த சைட்டுக்கு இணைந்து, கெட்-பிஎன்பிசப்வெப் -ரிகர்ஸ் என்றால் கிளைகள் அத்தனையும் வரும்.

இங்கே ஒரு விஷயம் மனசில் இருக்கட்டும். ஷேர்பாயிண்ட் அட்மின் ரோல் உங்களுக்கு சைட் இருப்பதைக் காட்டுமே தவிர, உள்ளே நுழையும் உரிமையைத் தானாகத் தராது. உட்சைட்டைப் பார்க்க அந்த சைட்டின் அட்மினாக உங்களைச் சேர்க்க வேண்டியிருக்கும், செட்-எஸ்பிஓயூசர் கட்டளையில் உங்களை நீங்களே சேர்த்துக்கொள்ள முடியும்தான். முடியும் என்பதற்காகச் செய்யாதீர்கள். அந்தந்தப் பிரிவுத் தலைவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, சேர்த்து, வேலை முடிந்ததும் நீக்கி, இரண்டையும் பதிவு செய்து வையுங்கள். மனிதவளப் பிரிவின் சைட்டில் ஐடி ஆளின் பெயர் அட்மினாக நிற்பதை யாராவது பார்த்துவிட்டால், அதற்கப்புறம் நீங்கள் எடுக்கும் எந்தப் பட்டியலையும் அவர்கள் நல்ல மனசோடு பார்க்க மாட்டார்கள்.

சொந்தக்காரர் யார்

ஓனர் நெடுவரிசையைப் பார்த்துப் பலரும் குழம்புவார்கள். குழுவோடு கட்டிய சைட்டுகளில் அங்கே ஆள் பெயர் இருக்காது, ஒன்றும் இல்லாமல் இருக்கும், அல்லது நீண்ட எண்ணெழுத்துக் கோவையும் அதன் வாலில் _ஓ என்றும் இருக்கும். அந்த வால், குழுவின் சொந்தக்காரர்கள் எல்லோரும் என்று பொருள். பெயர் வேண்டுமானால் அந்த சைட்டின் குரூப்ஐடியை எடுத்து, மைக்ரோசாஃப்ட் கிராஃப் மாட்யூலில் (மைக்ரோசாஃப்ட் 365 தகவல்களைக் கேட்கும் வேறொரு தொகுப்பு) கெட்-எம்ஜிகுரூப்ஓனர் போட்டுக் கேட்க வேண்டும். பதில் காலியாக வந்தால் அந்தக் குழுவுக்குச் சொந்தக்காரரே இல்லை, இருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அந்த வரிகளைத் தனியாகப் பிரித்து வையுங்கள், அடுத்து கவனிக்க வேண்டியவை அவைதான்.

கிராஃப் என்றதும் கெட்-எம்ஜிசைட் வைத்தே முழுப் பட்டியலையும் எடுத்துவிடலாமே என்று தோன்றும். உங்கள் சொந்தக் கணக்கில் லாகின் செய்து தேடினால் உங்களுக்கு அனுமதி உள்ள சைட்டுகள்தான் வரும், எல்லாம் வேண்டுமானால் ஆப்புக்கு சைட்ஸ்.ரீட்.ஆல் என்ற அப்ளிகேஷன் அனுமதி கொடுக்க வேண்டும். அந்த அனுமதி பெற்ற ஆப் எல்லா சைட்டின் உள்ளடக்கத்தையும் படிக்கும். வெறும் பட்டியலுக்காக அவ்வளவு பெரிய கதவைத் திறந்துவைக்க எனக்குச் சம்மதமில்லை.

வெளிப்பகிர்வு நெடுவரிசை

ஷேரிங்கேபபிலிட்டியில் நான்கு மதிப்பு வரும். டிசேபிள்டு என்றால் வெளியாளுக்கு இடமில்லை. எக்சிஸ்டிங்எக்ஸ்டர்னல்யூசர்ஷேரிங்ஒன்லி என்றால் ஏற்கெனவே விருந்தினராகப் பதிவானவர்கள் மட்டும். எக்ஸ்டர்னல்யூசர்ஷேரிங்ஒன்லி என்றால் புதிய வெளியாட்களையும் அழைக்கலாம், ஆனால் அடையாளம் காட்டி நுழைய வேண்டும். கடைசி, எக்ஸ்டர்னல்யூசர்அண்ட்கெஸ்ட்ஷேரிங். இது இருந்தால் லிங்க் கையில் கிடைத்தவர் யாராக இருந்தாலும் லாகின் இல்லாமல் திறக்கும்படி பகிர முடியும். தனித்தனியாகக் கேட்டு எடுத்த $விவரத்தில் வேர்-ஆப்ஜெக்ட் போட்டு இந்தக் கடைசி வகையை மட்டும் பிரித்தெடுத்து, ஒவ்வொரு சைட்டின் பெயரையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். சிலவற்றில் வாய் தானாக நின்றுவிடும்.

எங்கள் பட்டியலில் தெமுடுகா (மலாயில் நேர்காணல்) 2021 என்று ஒரு சைட் இருந்தது, நேர்காணலுக்கு வந்தவர்களின் சான்றிதழ், ஐசி நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், எல்லாம் உள்ளே. வேலைக்கு எடுக்கப்படாதவர்களுடையதும் சேர்த்து. மனிதவளப் பிரிவில் இருக்கும் அக்காவிடம் காட்டியதும், "ஐயோ தம்பி, அது இன்னுமா இருக்கு? அந்த வருஷமே முடிஞ்ச வேலையாச்சே" என்றார். அவர்மேல் தப்பில்லை, முடிந்த வேலையின் சைட்டை யார் மூடுவது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அன்றைக்கே பகிர்வை அடைத்தோம்.

மாதாமாதம் ஒப்பிடுவது

கோப்பின் பெயரில் வருடமும் மாதமும் வரும்படி கெட்-டேட் வைத்து அமைத்துவிடுங்கள், பழையதன் மேல் புதியது எழுதப்படாது. போன மாதக் கோப்பையும் இந்த மாதக் கோப்பையும் இம்போர்ட்-சிஎஸ்வி போட்டு ஏற்றி, கம்பேர்-ஆப்ஜெக்ட் -பிராபர்ட்டி யூஆர்எல் என்றால் புதிதாக முளைத்தவை ஒரு திசை அம்புக்குறியோடும் காணாமல் போனவை எதிர்த்திசை அம்புக்குறியோடும் வரும். பகிர்வு அளவு மாறியதைப் பிடிக்க, $விவரத்திலிருந்து எழுதிய கோப்புகளில் யூஆர்எல்லோடு ஷேரிங்கேபபிலிட்டியையும் சேர்த்து ஒப்பிடுங்கள். மாதத்துக்கு ஒரு பக்கம் தாண்டாது, அதை மட்டும் உட்கார்ந்து படித்தால் போதும்.

தானாக ஓடவிட, குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் போடலாம், ஆனால் நடுராத்திரியில் போனை எடுத்து யாரும் உறுதிப்படுத்த மாட்டார்கள், ஆகவே சான்றிதழ் வைத்து இணையும் ஆப் வேண்டும். பிஎன்பியில் கிளையன்ட் ஐடி, டெனன்ட், தம்ப்பிரிண்ட் (சான்றிதழின் அடையாளக் குறி) மூன்றையும் கொடுத்து இணைந்து கெட்-பிஎன்பிடெனன்ட்சைட் போட்டால் இதே பட்டியல் வரும். பாஸ்வேர்டை மட்டும் ஸ்கிரிப்டுக்குள் எழுதி வைக்காதீர்கள், தற்காலிகமாக என்று சொல்லிக்கூட வேண்டாம். அந்த ஆப்புக்குத் தரும் அதிகாரம் பெரியது, சான்றிதழ் இருக்கும் கம்ப்யூட்டரில் யார் யார் லாகின் செய்யலாம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகு இதில் இறங்குங்கள். அது முடிவாகாதவரை மாதத்தில் ஒருநாள் கையால் ஓட்டுவதே மேல்.

வந்த சிஎஸ்வி கோப்பையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். சைட் பெயர்களே பல ரகசியத்தைச் சொல்லிவிடும், எந்தப் பிரிவை மூடப்போகிறார்கள், எந்தக் கம்பெனியை வாங்கப்போகிறார்கள் என்பதுவரை. வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், ஈமெயிலில் இணைக்காதீர்கள், அனுமதி குறுக்கிய ஒரே ஒரு இடத்தில் வைத்து லிங்க் மட்டும் கொடுங்கள்.

சொந்தக்காரர் இல்லை, வருடக் கணக்காக அசைவில்லை என்று தெரிந்த சைட்டை உடனே அழிக்கத் தேவையில்லை. செட்-எஸ்பிஓசைட் -லாக்ஸ்டேட் ரீட்ஒன்லி என்று பூட்டுங்கள், படிக்கலாம், மாற்ற முடியாது. அந்த நிலையில் ஒரு கணக்காண்டு முடிவையும் ஆடிட்டையும் தாண்டவிடுங்கள், ஏனென்றால் வருடத்துக்கு ஒரே ஒரு தடவை திறக்கும் கோப்பு எந்த சைட்டில் இருக்கிறது என்பது ஆடிட்டர் வந்து கேட்கும்போதுதான் தெரியவரும். அதன் பிறகும் யாரும் தேடி வரவில்லை என்றால், எவ்வளவு காலம் எந்த ஆவணத்தை வைத்திருக்க வேண்டும் என்று கணக்குப் பிரிவிடமும் மனிதவளப் பிரிவிடமும் எழுத்தில் வாங்கிக்கொண்டு ரிமூவ்-எஸ்பிஓசைட் போடலாம். அப்போதும் 93 நாள் கையில் இருக்கும். குழுவோடு கட்டிய சைட் என்றால் அப்படி அழிக்காமல் குழுவை அழிக்கும் வழியில் போங்கள், அதற்கு அவகாசம் 30 நாள் என்பதை நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.